ஆறு அமர்வுகளும் ஓர் அறிக்கையும்: பெரம்பூரில் ஒரு கற்றல் ஆலோசனை மையம்

சென்ற ஜூலை மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பெரம்பூரில் உள்ள ஒரு கற்றல் ஆலோசனை மையத்திற்கு அழைத்துச் சென்றேன். பிள்ளையின் கற்றல் பாணியையும் ஆளுமையையும் சோதித்தறிந்து, அதற்கேற்பப் படிக்கும் முறையை அமைத்துத் தருவதாகச் சொல்லும் துண்டறிக்கை ஒன்று வியாசர்பாடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் வீடு வீடாகப் போடப்பட்டிருந்தது. இரவு பதினொன்றரை வரை புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், வேதியியலின் முதல் அலகுத் தேர்வில் எழுபதுக்கு முப்பத்தொரு மதிப்பெண் வாங்கி வந்து, 'நான் படிக்கவே இல்லையாம்மா?' என்று கேட்டதைத் தாங்க முடியாமல்தான் அந்தத் துண்டறிக்கையைக் கையில் எடுத்தேன். ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. அந்த மையத்திற்குச் செலுத்திய பணத்தில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, எது கெடுதலும் செய்தது என்பதை மற்றப் பெற்றோருக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கொளத்தூரிலும் தண்டையார்பேட்டையிலும் நான் விசாரித்த இடங்களிலும் ஏறத்தாழ இதே சேவைகள்தான் விற்கப்படுகின்றன.

மையம் ஒரு மாடியில் இருக்கிறது. படிகள் குறுகலானவை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான். தாத்தா பாட்டியரை உடன் அழைத்துச் செல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே அறைகள் தூய்மையாகவும் அமைதியாகவும் இருந்தன. முன்பதிவு செய்திருந்தும் முதல் நாள் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். வரவேற்பு மேசையில் மூன்று சேவைகளை அடுக்கிச் சொன்னார்கள்: வினாத்தாள் வழியாகக் கற்றல் பாணியையும் ஆளுமையையும் அளந்து தரும் அறிக்கையும், ஆலோசகருடன் நாற்பத்தைந்து நிமிடம் வீதம் ஆறு அமர்வுகளும் சேர்ந்து 4,900 ரூபாய், பத்து விரல்களின் ரேகையையும் பதிவு செய்து பிறவித் திறமைகளைக் கண்டறியும் சோதனை தனியாக 4,000 ரூபாய்.

ரேகைச் சோதனையை நான் மறுத்துவிட்டேன். விரல் ரேகைகள் கருவிலேயே உருவாகி, குழந்தை பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே நிலைபெற்றுவிடுபவை. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய அவை உதவும். வேதியியல் ஏன் ஏறவில்லை என்பதற்கான விடை அவற்றில் இல்லை. இத்தகைய சோதனைகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய உளநல மருத்துவர் சங்கமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. 'எல்லாப் பெற்றோரும் எடுக்கிறார்கள் மேடம்' என்று வரவேற்பில் இருந்த பெண் மூன்று முறை வற்புறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. மகளின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தோடு வருகிறவர்களிடம் அப்படி வற்புறுத்துவது தவறு.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது: இருபத்திரண்டு பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிரதி கேட்டதற்கு மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. வந்த பிரதியோ சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு, வாக்கியங்கள் தலைகால் புரியாமல் இருந்தன. அறிக்கையின் சாரம் இரண்டே முடிவுகள்: என் மகள் காட்சிவழிக் கற்பவள், தனித்திருக்க விரும்பும் அகமுக ஆளுமை கொண்டவள். ஆகவே வண்ணப் படங்களாலும் அட்டைகளாலும் படிக்க வேண்டும், விரிவுரைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தனியறையில் தனியாகப் படிக்க வேண்டும் என்று பரிந்துரைகள் தொடர்ந்தன. தனியறை என்ற சொல்லைப் படித்தபோது, ஒரே படுக்கையறையில் ஐந்து பேர் வாழும் எங்கள் வீட்டை அந்த அறிக்கையை எழுதியவர்கள் ஒரு முறையாவது நினைத்துப் பார்த்தார்களா என்ற கேள்வி எழுந்தது.

ஆயினும் அவள் அதை நம்பினாள், நானும் நம்பினேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் அட்டைகளும் வண்ணப் பேனாக்களும் வாங்கி வந்தோம். ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரங்கள் முழுவதும் உலோகவியலும் பி-தொகுதித் தனிமங்களும் எங்கள் வீட்டுச் சுவரில் பச்சையும் ஊதாவுமாக ஏறின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலாண்டுத் தேர்வில் வேதியியலுக்கு எழுபதில் முப்பத்து மூன்று. விடைத்தாளை வைத்துக்கொண்டு பேசியபோது அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: எந்த அட்டையில் எந்த மூலையில் எந்த நிறத்தில் அந்த வினை எழுதப்பட்டிருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, வினை மட்டும் நினைவுக்கு வரவில்லை. இதைவிட எனக்குக் கவலையளித்தது வேறொன்று. தமிழ்ச் செய்யுளை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை அவள் அந்த மாதத்தில் நிறுத்திவிட்டிருந்தாள். காரணம் கேட்டதற்கு, 'எனக்குக் காதால் கேட்டால் ஏறாதும்மா, ரிப்போர்ட்லயே இருக்கே' என்றாள். சிறு வயதில் பாட்டி சொல்லக் கேட்டே ஆத்திசூடி முழுவதையும் ஒப்பித்த பெண் அவள்.

அதன் பின்னரே இந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அறிக்கையில் இருந்த நால்வகைப் பிரிவு, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் என்ற கல்வியாளர் உருவாக்கிய வார்க் என்னும் வினாத்தாளைப் பின்பற்றியது. காட்சி, கேள்வி (அதாவது காதால் கேட்பது), வாசிப்பும் எழுத்தும், செயல் என்பன அந்த நான்கு. 1992-ஆம் ஆண்டு அவர் தம் சக ஆய்வாளருடன் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, தங்கள் நோக்கம் இன்னொரு அளவுகோலை உருவாக்குவது அன்று, மாணவர் தம்மைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டுவதே என்னும் கருத்து வெளிப்பட்டிருக்கிறது. சிந்தனையைத் தூண்டுவதற்காக எழுந்த கேள்விகள், நம் ஊரில் இருபத்திரண்டு பக்கத் தீர்ப்பாக மாறிவிட்டன.

2008-ஆம் ஆண்டு ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்னும் கொள்கைக்கான ஆதாரங்களை ஆராய்ந்து விரிவாக எழுதினார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை எளிமையானது. காட்சிவழியினர், கேள்விவழியினர் என்று மாணவர்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படங்களாலும் மீதிப் பேருக்குப் பேச்சாலும் குலுக்கல் முறையில் கற்பித்து, கடைசியில் அனைவருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். ஒரு பிரிவினருக்குப் படமும் மற்றப் பிரிவினருக்குப் பேச்சும் கூடுதல் மதிப்பெண் தந்தால்தான் பாணிக்கேற்பக் கற்பிப்பது பயன்படும் என்று சொல்ல முடியும். அதுவரை நடந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பிற்பாடு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் மாணவர்களிடையே நடந்த ஆய்வில், வினாத்தாள் காட்டிய பாணிப்படியே படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை என்பதும் தெரிந்தது.

இது எனக்கு வியப்பாகவும் இல்லை. எதை எந்த வழியில் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே முடிவு செய்கிறது. டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருளை யாராக இருந்தாலும் படம் வரைந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியப்பாவின் ஓசையை யாராக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு கேரம் பலகை இருக்கிறது. 'ரெட்' என்னும் சிவப்புக் காயைக் குழியில் போட்டு, அதை உறுதிசெய்ய இன்னொரு காயையும் போட்டு 'ஃபாலோ' எடுக்க, காட்சிவழிக் கற்பவனும் கேள்விவழிக் கற்பவனும் பலகையின் முன் அமர்ந்து விரல் நோக ஆடித்தான் தீர வேண்டும்.

ஆளுமைப் பகுதியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. எதிர்வீட்டுப் பையனும் அதே மையத்தில் அறிக்கை வாங்கியிருந்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, 'உங்களிடம் நீங்கள் இன்னும் பயன்படுத்தாத ஆற்றல் நிறைய உள்ளது' என்னும் கருத்தில் தொடங்கும் பத்தி உட்பட ஐந்து பத்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இருவருமே தத்தம் அறிக்கை தங்களை அப்படியே படம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் முப்பத்தொன்பது பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பைத் தனித்தனி முடிவு என்று சொல்லிக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் தந்த சராசரி, ஐந்துக்கு நான்குக்கும் மேல். அந்தக் குறிப்பின் வரிகளை அவர் எடுத்தது ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. ஆளுமைக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒழுங்கு, விடாமுயற்சி, பொறுப்புணர்ச்சி ஆகியவை சேர்ந்த பண்பு மதிப்பெண்ணோடு தொடர்புடையதாகத் தெரிகிறது. ஆனால் அது நாள்தோறும் செய்கிற செயலில் வெளிப்படும் பண்பு. சில ஆளுமைச் சோதனைகள் ஒட்டிவிடும் நான்கு எழுத்து முத்திரையில் அடங்குவது அன்று.

இத்தனை குறை சொல்லிவிட்டு, மையத்தின் மீதிச் சேவையை நான் மனமாரப் பாராட்டப் போகிறேன். ஆறு அமர்வுகளுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தும், அறிக்கையே போதும் என்ற எண்ணத்தில் அவற்றை நானே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பின், அக்டோபரில்தான் தொடங்கினோம். ஆலோசகர் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற இளம்பெண். என் மகள் முதல் நாளே அவரை அக்கா என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். அவர் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கோடு போடாத நோட்டை எடுத்துக் கொடுத்து, 'ரெண்டு வாரத்துக்கு நீ என்ன படிக்கிறேன்னு நீயே கவனிச்சு எழுதிட்டு வா' என்றார். எழுத வேண்டியவை மூன்று: எந்த நேரத்தில் எதைப் படித்தாள், புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமல் எவ்வளவு எழுத முடிந்தது, ஒரு தேர்வுக்கு முன் எவ்வளவு மதிப்பெண் வரும் என்று நினைத்தாள், எவ்வளவு வந்தது.

இரண்டு வாரத்தில் அந்த நோட்டு சொன்னதை இருபத்திரண்டு பக்க அறிக்கை சொல்லவில்லை. வேதியியல் சிறுதேர்வில் இருபத்தைந்துக்கு இருபது வரும் என்று எழுதியிருந்தாள்; வந்தது பதினொன்று. அதே வாரம் உயிரியலில் பதினைந்து வரும் என்று அஞ்சினாள், வந்தது இருபத்தொன்று. அதாவது, எது தெரியும் எது தெரியாது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேதியியலை அவள் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். கண்ணுக்குப் பழகிய வரியைத் தெரிந்த வரி என்று நம்பியிருந்தாள். உயிரியலை மட்டும் ஆசிரியை தினமும் கரும்பலகையில் பார்க்காமல் வரையச் சொல்லியிருந்தார். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

நேரத்தைப் பற்றியும் நோட்டு பேசியது. இரவு பத்து மணிக்கு மேல் படித்தவற்றில் மறுநாள் எழுத முடிந்தது மிகச் சொற்பம். எங்கள் வீட்டில் மாமனாரின் தொலைக்காட்சி பத்து மணிக்குத்தான் ஓயும் என்பதால், அமைதி வந்த பிறகு படிப்பதே சரி என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். ஆலோசகர் அவளை ஒன்பதரைக்கே உறங்கச் சொல்லி, விடியற்காலை நாலரைக்கு எழச் சொன்னார். தெருக் குழாயடியில் குடங்கள் சேர்வதற்கு முன் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் இப்போது முழுக்க அவளுடையது. சனிக்கிழமைகளில் கொளத்தூர் அகரத்தில் 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, மாணவர் அமர்ந்து படிக்க இடம் தரும் முதல்வர் படைப்பகத்திற்குப் போய்ப் படிக்கலாம் என்று சொல்லி அனுப்பியவரும் அவரே. அறிக்கை கேட்ட தனியறையை அவர் இப்படித்தான் தேடித் தந்தார்.

நான்காம் அமர்வில் அவர் சொன்னதைக் கேட்டபோது, பட்டப்படிப்பில் நான் பயின்ற நன்னூல் நினைவுக்கு வந்தது. என் மகள் ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்குபவள் என்பது உண்மைதான். அதனால் அவள் தனித்தே படிக்க வேண்டும் என்று அறிக்கை சொல்லியிருந்தது. ஆலோசகரோ, 'ஐம்பது பேர் வேண்டாம், ஒருத்தி போதும், அவளுக்கு நீ சொல்லிக்கொடு' என்றார். இப்போது எதிர்வீட்டுப் பையனின் தங்கை, பதினொன்றாம் வகுப்பில் படிப்பவள், மாலையில் எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறாள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கி நடுவில் என் மகள் திக்கி நிற்கும் இடம் எதுவோ, அதுவே மறுநாள் விடியலில் அவள் படிக்க வேண்டிய இடம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரும் மாணவரை வகைப்படுத்தியிருக்கிறார்: அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர், மண்ணும் கிளியும் போன்றோர் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யை வடிகட்டும் நெய்யரியும் போன்றோர் கடை. படித்த காலத்தில் அதைக் கடுமையான தீர்ப்பாகவே நான் எண்ணியிருந்தேன். இப்போது திரும்பிப் பார்க்கையில், அந்த உவமைகளில் பெரும்பாலானவை, பெற்றதைக் கொண்டு மாணவன் என்ன செய்கிறான் என்பதையே பேசுகின்றன. பசு மேய்ந்தபின் அமர்ந்து அசைபோடுகிறது. ஆடு ஒரு செடியில் நிலைக்காமல் நுனிப்புல் மேய்கிறது. இவை பழக்கங்கள், மாற்றிக்கொள்ளக் கூடியவை. அடுத்து வரும் நூற்பாக்களில், கேட்டவற்றை நினைத்தல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் என்று கற்கும் முறையையே நன்னூல் வகுத்துத் தருகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் கால்பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் கால்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்ற கணக்கும் அங்கே உண்டு. எங்கள் மொட்டை மாடியில் மாலைதோறும் நடப்பது அந்த அரைப்பங்கு.

அரையாண்டுத் தேர்வில் வேதியியலுக்கு எழுபதில் நாற்பத்தொன்பது வந்தது. முழுப் பெருமையையும் மையத்திற்குத் தர முடியாது. பள்ளியில் மாலை வகுப்புகளும் அந்தக் காலத்தில்தான் தொடங்கின. எனினும் தேர்வுக்கு முன் நோட்டில் அவள் எழுதியிருந்த எண் நாற்பத்தேழு. இருபது என்று எண்ணிப் பதினொன்று வாங்கியவள், இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் தன்னைத் தானே கணிக்கத் தெரிந்துகொண்டாள் என்பதே எனக்கு அந்த நாற்பத்தொன்பதைவிடப் பெரிதாகத் தோன்றியது.

இம்மையத்தை நாடுவோர் அறிக்கைக்குப் பணம் செலவிட வேண்டாம். ரேகைச் சோதனைக்கு அறவே வேண்டாம். அமர்வுகளை மட்டும் கேளுங்கள். அப்படித் தருவதில்லை என்று வரவேற்பில் முதலில் சொல்வார்கள். உறுதியாகக் கேட்டதும் என் தோழியின் மகனுக்கு 2,400 ரூபாய்க்கு ஆறு அமர்வுகளையும் தந்தார்கள். அந்தப் பணமும் செலுத்த இயலாதவர்கள் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற இலவச உதவி எண்ணில் அழைத்து வழிகாட்டுதல் கேட்கலாம். ஒரு வேண்டுகோளை மையத்தின் மேலாளரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன்: உங்களிடம் இருக்கும் சிறந்த சேவை அந்த ஆலோசகர், துண்டறிக்கையின் முதல் வரியில் இடம்பெற வேண்டியது அவருடைய நோட்டு முறை. பொதுத்தேர்வு முடியும் வரை ஞாயிற்றுக்கிழமை மாலை நேரங்கள் நிரம்பிவிட்டன என்று சொல்கிறார்கள். வார நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் இடம் கிடைக்கிறது. செவ்வாய், வியாழன் ஆகிய இரண்டு நாள்களில் மட்டுமே அந்த ஆலோசகர் வருகிறார் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள்.